மகள் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு

ஆண்டவரை நம்பி இதைப் படிக்கிற எல்லாருக்கும் போர்ட் பிளேரிலிருந்து கிரேசின் வணக்கம். நான் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் ஓர் ஒற்றை அறை வீட்டில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிற வேலை. மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவள். இந்தச் சாட்சியை ஒரே ஒரு முறை சபையில் நின்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் மைக்கை அணைத்துவிட்டார்கள். காகிதத்தை அப்படி அணைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். சாட்சியைச் சாந்தத்தோடு சொல்ல வேண்டும் என்பார்கள். சாந்தம் வரட்டும் என்று ஐந்து வருடம் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமி வந்தபோது என் மகள் பெனிட்டாவுக்கு ஏழு வயது. என் வீட்டுக்காரர் சாமுவேல் கொத்தனார். தெற்கே நிக்கோபாரில், கச்சால் தீவில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை. ஜெட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட வீட்டில் மூன்று பேரும் இருந்தோம். எங்கள் சபை போர்ட் பிளேரில், ஜங்லிகாட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில் இருந்தது. கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க அங்கே கூட்டம் நடக்கும். தீவுகளில் இருக்கிற விசுவாசிகள் எல்லாரும் அதற்குக் கப்பல் ஏறி வந்துவிட வேண்டும், வராவிட்டால் பாஸ்டருக்குப் பிடிக்காது.

அந்த வருடம் கப்பல் ஏறுகிற அன்று பெனிக்குக் காய்ச்சல் கண்டது.

"நீ போயிட்டு வா. டிக்கெட் கிடைச்சதே பெரிய பாடு. புள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் போனேன். கூட்டத்துக்குப் போகாவிட்டால் அந்த வருடத்து ஆசீர்வாதம் கைவிட்டுப் போகும் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதை நம்பி, காய்ச்சலில் கிடந்த பிள்ளையை விட்டுவிட்டுப் போனேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. பூமி ஆடியதும், ஜங்லிகாட்டில் கடல் ரோட்டுக்கு ஏறியதும், நாங்கள் மேட்டுப் பக்கம் ஓடியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அடுத்த நாள் முதல் துறைமுக வாசலில் போய் நின்றேன். தெற்கே இருந்து எந்தக் கப்பல் வந்தாலும் முண்டியடித்துக்கொண்டு போய் முகம் பார்ப்பேன். பட்டியல் ஒட்டுவார்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். இரண்டு பேரையும் கேட்டால் பேராசைக்காரி என்று ஆண்டவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்து, ஒருத்தரையாவது கொடும் என்று கேட்டேன். அப்படிப் பயந்து பயந்துதான் அப்போது ஜெபிக்கத் தெரிந்திருந்தது எனக்கு.

ஜனவரி தொடக்கத்தில் ஒரு கப்பலில் பெனி வந்தாள். ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கி வந்தாள். அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இலங்கை மலைத் தோட்டங்களில் இருந்து திரும்பி வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. பெயர் தெய்வானை. நெற்றியில் பட்டையாகத் திருநீறு. என் மகள் நெற்றியிலும் அதே பட்டை. மகளின் வலது மணிக்கட்டில் முறுக்கிய மஞ்சள் கயிறு ஒன்று.

பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்புறம் முதல் வேலையாக என் முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தேன். நன்றி சொல்வதற்கு முன்னால் துடைத்தேன் என்பதை எழுதியே ஆக வேண்டும்.

தெய்வானை அதைக் கண்டுகொள்ளவில்லை. "தங்கச்சி, ஒன் புருசனைப் பத்தி ஒரு விசயம் இருக்கு. இந்தக் கயிறு வந்து..." என்று ஆரம்பித்தார்.

என்னோடு துறைமுகத்துக்கு வந்திருந்த பாஸ்டர் குறுக்கே வந்தார். "ரொம்ப நன்றிம்மா. இனிமே நாங்க பாத்துக்கிறோம். நீங்க நிவாரணக் கேம்ப்புக்குப் போங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகவே ஒருவர் வாயை அடைக்க முடியும் என்று அன்றைக்குத் தெரியாது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்த நானும், என்ன விஷயம் என்று கேட்கவில்லை.

வழியெல்லாம் பெனி என் தோளில் தூங்கிவிட்டாள். அன்று சாயங்காலமே ஜங்லிகாட் சபையில் நன்றிக் கூட்டம். நாற்பது பேர் இருப்பார்கள். பாஸ்டர் பெனியின் கையைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார். "பாருங்க, விக்கிரகக் கோயில்ல மந்திரிச்சு மஞ்சக் கயிறு கட்டி அனுப்பியிருக்காங்க. இது பிள்ளை கையில இருக்கிற வரைக்கும் பிள்ளை நம்ம பிள்ளை இல்ல" என்றார். கத்தரிக்கோல் வந்தது. பெனி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அந்தக் கையை முன்னால் இழுத்துப் பிடித்தது நான். வேறு யாரும் இல்லை, பெற்ற தாய் நான்தான்.

அறுத்த கயிற்றை எங்களில் ஒருவரும் கையால் தொடவில்லை. அப்படிப்பட்ட பொருளை விசுவாசி தொடக்கூடாது, உற்றும் பார்க்கக்கூடாது என்பது எங்கள் சபை வழக்கம். ஒரு காகிதத்தில் ஏந்தி, தேங்காய்ச் சிரட்டையில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். டிரம் அடித்தார்கள். எல்லாரும் கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னோம். பெனி நெருப்பைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வாய் அசைவது தெரிந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று குனிந்து கேட்க எனக்குத் தோன்றவில்லை, நான் கை தட்டிக்கொண்டிருந்தேன். கயிறு எரிந்து முடிந்தபோது அவள் வாய் மூடிவிட்டது.

"பாத்தீங்களா, அடங்கிடுச்சு" என்றார் பாஸ்டர். நானும் அல்லேலூயா சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் என் மகள் பேசவில்லை.

பசித்தால் தட்டைக் காட்டுவாள். அடிபட்டால் சத்தம் இல்லாமல் அழுவாள். பள்ளிக்கூடத்தில் ஊமை என்று பெயர் வைத்துவிட்டார்கள், அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நானும் சமைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம், கடல் அவள் குரலைக் கொண்டுபோய்விட்டது என்று சொன்னேன். நெருப்புக்கு முன்னால் அவள் வாய் அசைந்ததைக் கண்ட நானே அதை நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா தொண்டையைப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். அலை வந்த நேரத்தில் பிள்ளையோடு யார் இருந்தார்கள் என்று ஹிந்தியில் கேட்டார். அவர்களைக் கண்டுபிடித்துப் பேசுங்கள், அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், மருந்தைவிட அது முக்கியம் என்றார். நான் அதைப் பாஸ்டரிடம் சொன்னேன். "டாக்டருக்கு உடம்பு தெரியும் சகோதரி, ஆவி தெரியாது. கயிறு கட்டினவகிட்டயே திரும்பிப் போறதா?" என்றார். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தெய்வானை அக்கா தாமாகவே மூன்று முறை என் வாசலுக்கு வந்தார். முதல் முறை வந்தபோது ஜெபத்தில் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாம் முறை கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் முறை அவர், "ஒன் புருசன் கடைசியா..." என்று ஜன்னல் வழியாகச் சொல்லத் தொடங்கினார், நான் ஜன்னலைச் சாத்தினேன். போகும்போது ஒரு பை மரவள்ளிக் கிழங்கை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். படைத்ததாக இருக்கும் என்று சொல்லி அதைச் சாக்கடையில் கொட்டினேன். என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தார் என்பது என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. நான் கொக்கி போட்டேன்.

இதற்கிடையில் சபையில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. விக்கிரகத்தைக் கும்பிடுகிறவர்கள்மேல் தேவன் அனுப்பிய தண்டனைதான் அந்த அலை என்று பாஸ்டர் வாராவாரம் பேசினார். நிக்கோபார் தீவுகளில் அலை கொண்டுபோன சனங்களில் எத்தனை பேர் பாட்டுப் புத்தகத்தோடு ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் என்று அவருக்குத் தெரியாதா? அலை என்ன, மதம் கேட்டுவிட்டா வந்தது? ஒரு நாள் நான் எழுந்து, என் வீட்டுக்காரர் விக்கிரகத்தைக் கும்பிடவில்லையே என்று கேட்டேன். "கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு வரலியே சகோதரி" என்றார். நாற்பது பேர் தலையாட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதை வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்தார்கள்.

2007 மழைக்காலத்தில் பெனிக்காகக் கடைசி உபவாசம் என்று வைத்தார்கள். மூன்று நாள். பிள்ளையும் சாப்பிடக்கூடாது, தண்ணீரும் குடிக்கக்கூடாது. ஆவி பிடிவாதமானது, பட்டினியால்தான் போகும் என்றார் பாஸ்டர். இரண்டாம் நாள் மத்தியானம் பெனி பாயில் சரிந்துவிட்டாள். உதடு வெடித்திருந்தது. நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன். பாஸ்டரம்மா என் கையைப் பிடித்து, "விசுவாசத்தை விட்டுடாத கிரேசு" என்றார். என் வாழ்நாளில் முதல் முறையாக ஊழியக்காரர் வீட்டுக் கையைத் தட்டிவிட்டேன். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, தோளில் போட்டுக்கொண்டு, மாடிப்படி இறங்கி, மழையில் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது ஜெபித்தேன். முழங்காலில் நிற்கவில்லை. கண்ணை மூடவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். "ஆண்டவரே, எங்கே தப்பு நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். இன்னார் மூலமாகச் சொல்லும், இன்னார் மூலமாகச் சொல்லாதேயும் என்று உமக்கு நான் இனிமேல் கட்டளை போடவில்லை. எனக்குப் பிடிக்காத வாயாக இருந்தாலும் சரி, கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பேச வேண்டும்" என்றேன். இவ்வளவுதான் ஜெபம். ஒரு வசனம்கூட அதில் இல்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், காய்கறி வாங்க ஜங்லிகாட் மார்க்கெட்டுக்குப் போனோம். என் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்த பெனி திடீரென்று கையை உருவிக்கொண்டு ஓடினாள். மீன்காரிகளைத் தாண்டி, கீரைக்கட்டுகளை விரித்து வைத்திருந்த ஒரு பெண்ணின் மடியில் போய் விழுந்து, அவர் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தெய்வானை அக்கா.

என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். கை நீட்டியும் விட்டேன். அப்புறம்தான் பருப்புப் பானைக்கு முன்னால் என்ன சொன்னேன் என்பது நினைவுக்கு வந்தது. கையை மடக்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

அவர் பெனியின் தலையைத் தடவிக்கொண்டே, "என்னா, ரொம்ப மெலிஞ்சு போயிட்டா? பெரியம்மாகிட்ட ஒன்னும் பேச மாட்டியா?" என்றார்.

"அவ பேசறதில்லக்கா" என்றேன். "அலை வந்ததிலேருந்தே பேச்சு இல்ல."

தெய்வானை அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னா? கப்பல்ல வாய் மூடாமப் பேசிட்டு வந்த புள்ளையாச்சே. ஒறங்கவே வுடல எங்கள. அப்பா கத, அம்மா கத, ஒங்க வூட்டுக் கோழிக் கத. கூட வந்த கேம்ப் டீச்சரே சிரிச்சாங்க."

அப்படியானால் குரலைக் கடல் கொண்டுபோகவில்லை. துறைமுகத்தில் இறங்கும்போதுகூட அவளுக்குப் பேச்சு இருந்திருக்கிறது.

அவர் பெனியின் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "அந்தக் கயிறு எங்க?"

"எரிச்சுட்டோம்" என்றேன். "கோயில் கயிறுன்னு சபையில வெச்சு எரிச்சுட்டோம்."

கையில் இருந்த கீரைக்கட்டை அவர் மெதுவாகக் கீழே வைத்தார். அப்புறம் கோபமே இல்லாமல் சொன்னார். "அது கோயில் கயிறு இல்ல தங்கச்சி. அது ஒன் புருசன் லுங்கி."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதல் தண்ணீர் வந்து வடிந்தபோது என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மேட்டை நோக்கி ஓடி வந்திருக்கிறார். மேட்டின் அடியில் ஒரு பலா மரம். மேடு வரை ஏறி இறங்க நேரம் இல்லை என்று பெனியை அதன் கிளையில் ஏற்றி உட்கார வைத்தார். காய்ச்சலில் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ளத் தெம்பு இல்லை. உடுத்தியிருந்த லுங்கியின் கரையை நீளமாகக் கிழித்து, முறுக்கி, அவள் மணிக்கட்டைக் கிளையோடு சேர்த்துக் கட்டினார். தெய்வானை அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மேட்டில் நின்று, "ஜல்தி வாங்க, பானி மறுபடியும் வருது" என்று தண்ணீரைக் காட்டிக் கத்தியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் நடக்க முடியாத ஒரு நிக்கோபாரி அம்மா இருந்தார். "அந்தம்மாவத் தூக்கிட்டு வந்துடறேன்" என்று இவர் இறங்கிப் போயிருக்கிறார். இரண்டாவது தண்ணீர் வந்தது. இவர் வரவில்லை.

"போறதுக்கு முன்ன புள்ளகிட்ட சத்தமாச் சொல்லிட்டுப் போனாரு. எங்களுக்கும் கேட்டுச்சு" என்றார் தெய்வானை அக்கா. "யாரையும் அவுக்க வுடாத, அப்பா வந்து அவுக்கிறேன்னாரு."

தண்ணீர் வடிந்ததும் இவர்கள் இடுப்பளவு சேற்றில் இறங்கி, பால் வெட்டுகிற கத்தியால் கிளைப் பக்கம் அறுத்துப் பிள்ளையை இறக்கியிருக்கிறார்கள். கையில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் பெனி விடவே இல்லை. அப்பா வந்துதான் அவிழ்ப்பார் என்று ஒரே அழுகை. முடிச்சு இறுகித் தோல் கிழிந்து சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. மருந்து ஏது அங்கே? யாரோ கொண்டுவந்திருந்த சமையல் மஞ்சளைக் குழைத்துக் கயிற்றோடு சேர்த்துத் தெய்வானை அக்கா பூசிவிட்டார். தினமும் பூசினார். அதனால்தான் அது மஞ்சள் கயிறு. அந்த லுங்கியை நான் எத்தனை முறை என் கையால் துவைத்திருக்கிறேன். ஒரே ஒரு முறை உற்றுப் பார்த்திருந்தால் கட்டம் போட்ட துணி என்று தெரிந்திருக்கும். தொடக்கூடாது, பார்க்கக்கூடாது என்று கண்ணைத் திருப்பிக்கொண்டேன். விசுவாசமாம்.

"திருநீறு மட்டுந்தான் நாங்க வெச்சது" என்றார் அவர். "புள்ள பயந்திருந்தா. எங்களுக்குத் தெரிஞ்சது அதுதானே."

நான் பெனியின் பக்கம் திரும்பினேன். அவள் முகம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை, காலைத்தான் பார்த்தேன். மார்க்கெட்டில் அத்தனை பேர் நடக்கிற இடத்தில் அந்தச் சின்னக் காலைப் பிடித்தேன். "அம்மாவுக்குத் தெரியாதுடி. தெரியாமப் பண்ணிட்டேன்" என்றேன்.

அப்போது என் மகள் பேசினாள். இரண்டரை வருடம் கழித்து. குரல் கரகரவென்று வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"நான் சொன்னேன்" என்றாள். "அது அப்பா கட்டினதுன்னு சொல்லிட்டே இருந்தேன். நீ கை தட்டிட்டு இருந்தம்மா."

பக்கத்தில் மீன் விற்ற பெங்காலி அக்கா, "க்யா ஹுவா தீதி?" என்று, என்ன ஆச்சு என்று கேட்டபடி ஓடிவந்து என் முகத்தில் தண்ணீர் தெளித்ததுதான் அடுத்து நினைவிருக்கிறது. பிள்ளை பேச வேண்டும் என்று கேட்டேன், ஆண்டவர் கொடுத்தார். பேசிய முதல் வார்த்தையே என்மேல் குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டைப் போல இனிப்பான ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

பெனி பேசிவிட்டாள் என்கிற செய்தி சனிக்கிழமைக்குள் சபை முழுக்கப் பரவிவிட்டது. பாஸ்டர் வீட்டுக்கே வந்தார். நானும் எல்லாவற்றையும் சொன்னேன். லுங்கியைச் சொன்னேன், பலா மரத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உபவாசம் முடிஞ்சு அதே வாரத்துல பேசியிருக்கா. அதைச் சொல்லுங்க சகோதரி, அது போதும். அந்தப் பொம்பளை, கயிறு, அதெல்லாம் வேண்டாம். புது விசுவாசிங்க இடறிப் போவாங்க" என்றார்.

பிள்ளை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். இந்த முறையும் அம்மா யார் பக்கம் என்று பார்க்கிற பார்வை அது. நான் பொய்யாகச் சாட்சி சொன்னால் அந்த வாய் மறுபடியும் மூடிக்கொள்ளும், இனி எந்தக் காலத்திலும் திறக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். பெனியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மைக்கில் தொடங்கினேன். சிரட்டையில் நாம் எரித்தது ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் காப்பாற்றக் கட்டின துணி என்று சொன்ன இடத்தில் மைக் நின்றது. கீபோர்டில் பாட்டு எடுத்தார்கள். கை தட்டச் சொன்னார்கள். மறுபடியும் அதே கைத்தட்டல். எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை, கீழே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள்கூட மேலே பார்த்தார்களாம். "நிறுத்துங்க. போன தடவை இந்தக் கைத்தட்டல்லதான் என் புள்ள சொன்னது கேக்காமப் போச்சு" என்றேன். டிரம் அடிக்கிற சகோதரர் கோலைக் கீழே வைத்தார். அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பாடினார்கள். நான் பாட்டுக்கு மேலே கத்திக் கத்தி முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, பிள்ளையோடு படி இறங்கினேன்.

அந்த டிரம் சகோதரர் இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, "தீப்பெட்டி நான்தாங்க்கா குடுத்தேன்" என்று சொல்லி அழுதார். பாஸ்டர் வரவில்லை. அடுத்த வருடம் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அங்கேயும் யாருடைய கையிலாவது எதையாவது அறுத்துக்கொண்டிருப்பாரோ என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுத மாட்டேன். இன்னும் முடியவில்லை, முடிய வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். என்னையே மன்னிப்பது அதைவிடப் பெரிய பாடாக இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் திரித்துப் பேசக்கூடாது. நான் இன்றும் இயேசுவின் பிள்ளைதான். அவரிடம் கேட்டேன், அவர் கொடுத்தார். தெய்வானை அக்கா இதை ஒத்துக்கொள்வதில்லை. எங்க முருகன்தான் புள்ளய அன்னைக்கு மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு என்பார். நான் இல்லை என்பேன். "சரி, அவங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கட்டும், நீ கீரையை ஆய்" என்பார்.

அவர் இப்போது சிப்பிகாட் பண்ணையில் கூலி வேலை செய்கிறார். பொங்கலுக்கு எங்களைக் கூப்பிடுவார். படைத்ததை நான் சாப்பிட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அதனால் பானை பொங்கியதும் சாமிக்கு இலை போடுவதற்கு முன்னாலேயே எங்கள் இரண்டு பேருக்கும் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவார். நான் அவர் கிழங்கைச் சாக்கடையில் கொட்டியவள். அவர் தம் சாமியைக் காக்க வைத்துவிட்டு எனக்கு எடுத்து வைக்கிறார். இத்தனை வருடம் அன்பைப் பற்றிக் கேட்ட பிரசங்கங்களை எல்லாம் தராசின் ஒரு தட்டிலும் அந்த மூடி வைத்த கிண்ணத்தை ஒரு தட்டிலும் வைத்தால், எது கீழே இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் இரண்டரை வருடத்தில் மூன்று முறை வந்தார் என்று சொன்னேன் அல்லவா. நான் சமையலறையில் சண்டை போட்டு ஜெபிப்பதற்கு வெகு காலம் முன்னாலேயே அந்த ஜெபத்துக்குப் பதில் என் வாசலில் வந்து நின்று, கால் வலித்து, திரும்பிப் போயிருக்கிறது. ஆண்டவர் தாமதிக்கவில்லை. நான்தான் கொக்கி போட்டு வைத்திருந்தேன். அன்பானவர்களே, நீங்களும் ஏதோ ஒன்றுக்காக முழங்காலில் நின்றுகொண்டிருப்பீர்கள். நில்லுங்கள், அவர் கேட்கிறார், கொடுக்கிறார், இதற்கு நானே சாட்சி. ஆனால் கதவு தட்டினால் எழுந்து போய்த் திறங்கள். வந்தவர் நெற்றியில் என்ன இருக்கிறது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்னொருவர் கையில் கட்டியிருப்பதை அறுக்கக் கத்தரிக்கோல் எடுத்தால், முதலில் டிரம்மை நிறுத்துங்கள்.

பெனிக்கு இப்போது பதினைந்து வயது. வாய் ஓய்வதில்லை. எதிர்த்துப் பேசுகிறாள், நான் திட்டுவதில்லை. வலது மணிக்கட்டைச் சுற்றி வெளிறிய வளையமாக ஒரு தழும்பு இருக்கிறது. கயிற்றைத்தான் எங்களால் எரிக்க முடிந்தது. இப்போது நாங்கள் ஐந்தாறு குடும்பமாக ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறோம். போன மாதம் அங்கே புதிதாக வந்த ஒரு சகோதரி அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். பாடிக்கொண்டிருந்த நாங்கள் பாட்டை நிறுத்தினோம். பெனி கையை நீட்டிக் காட்டினாள்.

"எங்க அப்பா கட்டினது" என்றாள். "அவரு வந்து அவுப்பாரு."